சோட்டோவோடு 94, சோட்டோ இல்லாமல் 94

2024 பேஸ்பால் பருவத்தில் நியூயார்க் யாங்கீஸ் 162 ஆட்டங்களில் 94ஐ வென்றது. அணியில் ஹுவான் சோட்டோ இருந்தார். 2025இலும் யாங்கீஸ் வென்றது அதே 94. இந்த முறை சோட்டோ இல்லை. அதே ஊரின் இன்னொரு அணியான மெட்ஸுக்குப் போய்விட்டார். அவரை 765 மில்லியன் டாலர் கொடுத்து எடுத்த மெட்ஸ், முந்தைய ஆண்டு 89 ஆட்டம் வென்றிருந்தது. அவர் வந்து சேர்ந்த ஆண்டில் 83.

இந்த நான்கு எண்களையும் பெரிய எழுத்தில் அச்சடித்து எங்கள் அலுவலகப் பேன்ட்ரியில் ஃப்ரிட்ஜ் கதவில் யாரோ ஒட்டியிருந்தார்கள். யார் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்திலேயே மஞ்சள் துண்டுத்தாளில் "27" என்று ஒரு எண். யாங்கீஸ் வாங்கிய உலகத் தொடர் பட்டங்களின், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் இறுதிக் கோப்பைகளின், எண்ணிக்கை. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் "கடைசியாக 2009" என்று ஒரு பதில்.

நான் வேலை பார்ப்பது நியூ ஜெர்சியில். பேஸ்பாலை நான் கற்றுக்கொண்டது மைதானத்தைவிட அந்தப் பேன்ட்ரியில்தான் அதிகம். அங்கே இரண்டு பேர். ஒருவர் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்து வளர்ந்தவர், ஓய்வு வயதை எட்டப்போகிறவர், பரம்பரை யாங்கீஸ். இன்னொருவர் குயின்ஸில் ஃப்ளஷிங் பக்கம் வளர்ந்தவர், பத்து வயது இளையவர், மெட்ஸ். பெயர் எதற்கு, பிராங்ஸ்காரர், குயின்ஸ்காரர் என்றே வைத்துக்கொள்வோம். மற்ற விஷயங்களில் நெருங்கிய நண்பர்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர் முன்வரிசையில் இருந்திருக்கிறார். ஆனால் நவம்பரில் ஆட்டங்கள் முடிந்து, வீரர்களை வாங்குவதும் விற்பதும் தொடங்கிவிட்டால் போதும், இருவருக்கும் நடுவில் காபி எடுக்கப் போகவே தயக்கமாக இருக்கும்.

ஒரே ஊரில் ஏன் இரண்டு அணி என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் ஒரு காலத்தில் மூன்று அணிகள் இருந்தன. 1957 முடிந்ததும் டாட்ஜர்ஸும் ஜயன்ட்ஸும் கலிபோர்னியாவுக்கு மூட்டை கட்டின. அனாதையான அந்த ரசிகர்களுக்காக 1962இல் பிறந்ததுதான் மெட்ஸ். டாட்ஜர்ஸின் நீலத்தையும் ஜயன்ட்ஸின் ஆரஞ்சையும் எடுத்துச் சீருடையாகப் போட்டுக்கொண்டது. முதல் ஆண்டில் 40 வெற்றி, 120 தோல்வி. பட்டம் 1969இலும் 1986இலும் என்று இரண்டே முறை. யாங்கீஸ் ரசிகன் கோப்பையை எண்ணிப் பழகியவன், மெட்ஸ் ரசிகன் ஏமாற்றத்தை எண்ணிப் பழகியவன். சோட்டோ விஷயத்தில் இந்தப் பழக்கம்தான் முதலில் வெளியே வந்தது.

சோட்டோ டொமினிக்கன் குடியரசுக்காரர். 2018இல் 19 வயதில் வாஷிங்டன் நேஷனல்ஸுக்கு ஆட வந்தார், 2019இல் அந்த அணி உலகத் தொடரை வென்றது. அந்தத் தொடர் நடந்துகொண்டிருக்கும்போதுதான் அவருக்கு 21 முடிந்தது. 2022இல் நேஷனல்ஸ் 15 ஆண்டுக்கு 440 மில்லியன் தருகிறோம் என்றது, வேண்டாம் என்றார். உடனே அவரை சான் டியேகோவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து 2023 டிசம்பரில் யாங்கீஸ். ஒப்பந்தத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆண்டு. அதாவது, வாடகைக்கு வந்தவர் என்று எல்லோருக்கும் முதல் நாளே தெரியும். தெரிந்தும் பிராங்ஸ்காரர் தன் பேரனுக்கு 22ஆம் எண் சட்டை வாங்கிக் கொடுத்தார்.

அந்த ஓர் ஆண்டில் சோட்டோ என்ன செய்தார் என்பதைப் பார்த்தால் அவரையும் குறை சொல்ல முடியாது. 41 ஹோம் ரன், 129 வாக். வாக் என்றால், பந்து வீசும் பிட்சர் நாலு பந்தைச் சரியில்லாத இடத்தில் போட்டுவிட்டால், ரன்னுக்காகச் சுற்றி ஓடும் நாலு பேஸில் முதலாவதுக்குச் சும்மாவே நடந்து போவது. அவர் இரண்டாவதாக ஆடுவார், பின்னால் மூன்றாவதாக ஆரன் ஜட்ஜ். ஜட்ஜ் அந்த ஆண்டு 58 ஹோம் ரன் அடித்தார். எதிரணிப் பிட்சருக்கு இரண்டு பேரில் யாரையாவது ஒருவரை எதிர்கொண்டே ஆக வேண்டும்.

2024 அக்டோபர் 19, கிளீவ்லாந்து. லீக் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம். 2-2 என்று சமநிலை, பத்தாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் பேஸில். பந்து வீசுபவர் ஹன்டர் காடிஸ். சோட்டோவை ஏமாற்ற வேகம் குறைந்த பந்துகளாகப் போட்டுக்கொண்டே இருந்தார். சோட்டோ ஒன்றன்பின் ஒன்றாக விளிம்பில் வாங்கி ஃபவுலாக, கோட்டுக்கு வெளியே, தட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் பிட்சரைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். "இதுவும் தெரியும், அடுத்து?" என்று கேட்பதுபோன்ற தலையாட்டல். ஏழாவதாக, வேறு வழியில்லாமல் ஒரு வேகப்பந்து வந்தது. மைதானத்தின் பின்சுவரைத் தாண்டிப் போனது. மூன்று ரன். 5-2. 2009க்குப் பிறகு முதல் முறையாக யாங்கீஸ் உலகத் தொடருக்குப் போனது. நான் அந்த ஏழு பந்தையும் இன்றும் அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன். ஒரு பேட்டர் ஒரு பிட்சரின் பையை ஒவ்வொன்றாகக் காலி செய்ய வைப்பது அப்படி வெட்டவெளிச்சமாகத் தெரிவது அபூர்வம்.

உலகத் தொடரில் யாங்கீஸ் டாட்ஜர்ஸிடம் 4-1 என்று தோற்றது. கடைசி ஆட்டத்தில் 5-0 என்று முன்னணியில் இருந்து, ஐந்தாவது இன்னிங்ஸில் ஜட்ஜ் கைக்கு வந்த கேட்சை விட்டார், ஷார்ட்ஸ்டாப் இடத்து ஃபீல்டர் வோல்பி தவறாக எறிந்தார், பிட்சர் கெரிட் கோல் முதல் பேஸை நோக்கி ஓடாமல் நின்றுவிட்டார். ஒரே இன்னிங்ஸில் ஐந்து ரன். பிராங்ஸ்காரர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். குயின்ஸ்காரர் அதைத் தவிர வேறு எதையும் பேச மாட்டார்.

அப்புறம் டிசம்பர் வந்தது. மெட்ஸ் 15 ஆண்டு, 765 மில்லியன். யாங்கீஸ் 16 ஆண்டு, 760 மில்லியன். ஐந்து மில்லியன்தான் வித்தியாசம் என்று பலர் எழுதினார்கள், அது சரியான கணக்கு இல்லை. ஆண்டுக்கு என்று பிரித்தால் 51க்கும் 47.5க்கும் உள்ள வித்தியாசம். குடும்பத்துக்கு மைதானத்தில் ஒரு தனி சூட் அறையை இலவசமாகக் கொடுக்க மெட்ஸ் ஒப்புக்கொண்டது, யாங்கீஸ் மறுத்தது என்ற செய்தி வந்ததும் பேன்ட்ரி கொதித்தது.

"ஒரு ரூமுக்காகப் போனானா? ஜட்ஜே தன் குடும்பத்துக்கு டிக்கெட் வாங்குகிறான்," என்றார் பிராங்ஸ்காரர்.

"எழுநூற்று அறுபது மில்லியன் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் ஒரு ரூம் கொடுக்க மாட்டேன் என்றது மட்டும் புத்திசாலித்தனமா?" என்றார் குயின்ஸ்காரர்.

இதில் நான் குயின்ஸ்காரர் பக்கம். வந்தேறியாக இந்த நாட்டில் சம்பளப் பேச்சுவார்த்தை நடத்திய எவருக்கும் தெரியும், கடைசியில் நம்மை முடிவெடுக்க வைப்பது பெரிய தொகையாக இருப்பதில்லை. ஆனாலும் விஷயம் அறை இல்லை என்பது இருவருக்கும் தெரியும். யாங்கீஸ் ஒருவரை வேண்டும் என்று கேட்டு, பணமும் நீட்டி, அவர் மெட்ஸைத் தேர்ந்தெடுத்தது அதுவரை நடக்காத அளவில் நடந்துவிட்டது. குயின்ஸ்காரர் அன்று எல்லோருக்கும் டோனட் வாங்கி வந்தார். 22ஆம் எண்ணை விட்டுக்கொடுத்த இளைய வீரர் பிரெட் பேட்டிக்கு சோட்டோ ஒரு பெரிய செவ்ரோலே டஹோ காரைப் பரிசாகக் கொடுத்ததை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் விவாதம் ஒரே வடிவில்தான் ஓடியது. குயின்ஸ்காரர் மெட்ஸின் வரிசையைச் சொல்வார்: லின்டோர், சோட்டோ, அலோன்சோ, நிம்மோ. பிராங்ஸ்காரர் பதிலுக்கு யாங்கீஸ் அவசர அவசரமாகச் சேர்த்தவர்களைச் சொல்வார்: எட்டு ஆண்டுக்கு 218 மில்லியனில் இடக்கைப் பிட்சர் மேக்ஸ் ஃப்ரீட், சிகாகோவிலிருந்து கோடி பெலின்ஜர், 37 வயது பால் கோல்ட்ஷ்மிட் ஓராண்டுக்கு 12.5 மில்லியனில், கடைசி இன்னிங்ஸில் பந்து வீசி ஆட்டத்தை முடித்துக்கொடுக்க மில்வாக்கியிலிருந்து டெவின் வில்லியம்ஸ். "ஒரு சோட்டோவுக்குப் பதில் நாலு பேர்" என்பார். "நாலு பேர் சேர்ந்தாலும் ஒரு சோட்டோ ஆக மாட்டார்கள்" என்பார் இவர்.

நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். அதனால் ஆரம்பத்தில் எனக்கும் குயின்ஸ்காரர் சொல்வதே இயல்பாகப் பட்டது. கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேன் அவுட் ஆகாமல் நின்றுவிட்டால் நாள் முழுவதும் அவனே ஆடலாம், ஆட்டத்தைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு போகலாம். பேஸ்பாலில் அது நடக்காது. ஹோம் ரன் அடித்தாலும் நீ போய் உட்கார வேண்டியதுதான். ஒன்பது பேர் வரிசை, முறை மாறாது. மற்ற எட்டு பேரும் வந்து போன பிறகுதான் திரும்ப உன் முறை. உலகத்திலேயே சிறந்த பேட்டருக்கும் ஓர் ஆட்டத்தில் நாலு அல்லது ஐந்து வாய்ப்பு. ஓர் ஆண்டில் ஓர் அணிக்கு ஆறாயிரத்துச் சொச்சம் பேட்டிங் வாய்ப்பு வருகிறது, சோட்டோ மாதிரி அநேகமாக ஒரு நாள்கூட விடாமல் ஆடுகிறவருக்கு அதில் எழுநூறை ஒட்டி. மிச்சம் ஐயாயிரத்துச் சொச்சம் வேறு யாரோ ஆடுவது. கடைசி இன்னிங்ஸில், நெருக்கடியில், சோட்டோவை அனுப்பு என்று மேனேஜர் நினைத்தாலும் முறை வராவிட்டால் அனுப்ப முடியாது.

இது பேட்டிங். மறுபக்கம் பிட்சிங். அதிலும் ஒருவரே எல்லா நாளும் வீச முடியாது. ஐந்து பேர் மாற்றி மாற்றித் தொடங்குவார்கள், அவர்கள் களைத்ததும் ஏழெட்டு பேர் பின்னால் வந்து முடிப்பார்கள். 26 பேர் பட்டியலில் பாதி பிட்சர்கள். அவர்களில் பலருடைய பெயர் ரசிகர்களுக்கே ஏப்ரலில்தான் தெரியவரும். அதனால்தான் குளிர்கால விவாதங்களை நான் ஒரு மாதிரி சந்தேகத்தோடு கேட்கிறேன். விவாதம் எப்போதும் பட்டியலின் உச்சியில் நடக்கிறது. செப்டம்பர் மாதத்தை முடிவு செய்வது பட்டியலின் அடிவாரம்.

2025 மே 16, சோட்டோ மெட்ஸ் சட்டையோடு யாங்கீ ஸ்டேடியத்துக்கு முதல் முறையாக வந்தார். வலதுபக்கத் திறந்த இருக்கைகளில் உட்காரும் தீவிர ரசிகர்கள், ஓர் ஆண்டுக்கு முன் அவர் பெயரைச் சொல்லி ஆரவாரம் செய்தவர்கள், அவருக்கு மொத்தமாக முதுகைக் காட்டி நின்றார்கள். அவர் பேட் பிடிக்க வந்தபோது கூச்சல் காதைப் பிளந்தது. சோட்டோ ஹெல்மெட்டைக் கழற்றிக் கூட்டத்துக்கு வணக்கம் வைத்தார். அப்புறம் அவர் செய்ததுதான் அவருக்கே உரியது: மூன்று முறை வாக். அத்தனை கூச்சலுக்கு நடுவிலும், தனக்கு வேண்டாத பந்தை அவர் தொடவில்லை. யாங்கீஸ் 6-2 என்று வென்றது. மறுநாள் பிராங்ஸ்காரர் "ஒரு ஹிட்கூட இல்லை" என்றார், குயின்ஸ்காரர் "மூன்று முறை பேஸுக்குப் போனான்" என்றார். இருவரும் சொன்னது உண்மை. அதே மூன்று மணி நேர ஆட்டம்.

ஜூன் 12 வரை மெட்ஸ்தான் முன்னணியில். அன்றைய வெற்றியோடு 45-24. அந்த நாளில் பேஸ்பாலிலேயே அதற்கு மேல் யாரும் இல்லை. அதே ஆட்டத்தில்தான் கொடாய் செங்கா, அந்த ஆண்டு அணியின் மிகச் சிறந்த பிட்சர், முதல் பேஸை நோக்கி ஓடி, உயரமாக வந்த எறிதலைத் துள்ளிப் பிடித்தார். இறங்கும்போது தொடையின் பின்தசை போய்விட்டது. பந்தைக் கையில் வைத்தபடியே தரையில் சாய்ந்தார். எறிந்தவர் அலோன்சோ. இரண்டு வாரத்தில் இன்னொரு தொடக்கப் பிட்சர் கிரிஃபின் கானிங்குக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. பிட்சர்கள் மனாயாவும் மோன்டாஸும் பருவத்தின் தொடக்கத்திலேயே காயத்தில் இருந்தவர்கள். செங்கா திரும்பி வந்தார், பழைய செங்காவாக வரவில்லை. செப்டம்பரில் அவரைக் கீழ்நிலை அணிக்கு அனுப்பும் நிலை. அந்த ஆண்டு மெட்ஸ் பயன்படுத்திய பிட்சர்களின் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது. கடைசி வாரங்களில் முக்கியமான ஆட்டங்களைத் தொடங்கியவர்கள் ஆகஸ்ட்டுக்கு முன் பெரிய லீக்கில் ஒரு பந்துகூடப் போடாத சின்னப் பையன்கள். ஜூன் 12க்குப் பிறகு 38 வெற்றி, 55 தோல்வி.

இதில் சோட்டோவின் பங்கு என்ன? 43 ஹோம் ரன். அதுவரை எந்த ஆண்டிலும் அவர் அடித்திராத எண்ணிக்கை. 127 வாக். வேகமானவர் என்று யாருமே சொல்லாத அந்த ஆள், யாங்கீஸில் 7 பேஸ் திருடியவர் (பிட்சர் பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), மெட்ஸில் 38 திருடினார். பிட்சரின் தோள் எப்போது அசைகிறது என்று முதல் பேஸ் பயிற்சியாளர் அன்டோவான் ரிச்சர்ட்சனோடு உட்கார்ந்து படித்திருக்கிறார். அதைவிட ஒரு பேட்டரிடம் என்ன எதிர்பார்ப்பது? "உன் 765 மில்லியன் என்ன ஆச்சு?" என்று பிராங்ஸ்காரர் கேட்டபோதெல்லாம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. செங்காவின் தொடைக்கு சோட்டோ என்ன செய்வார்?

செப்டம்பர் 28, மயாமி. பருவத்தின் கடைசி நாள். வென்றால் பிளேஆஃப், அதாவது பட்டத்துக்கான அக்டோபர் சுற்றுகள். அதே நேரத்தில் இடத்துக்குப் போட்டியிட்ட சின்சினாட்டி மில்வாக்கியில் தோற்றுக்கொண்டிருந்தது, அதாவது கதவு திறந்துதான் இருந்தது. ஐந்தாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள் நிற்க, அலோன்சோ அடித்த அடி துப்பாக்கிக் குண்டு வேகத்தில் இடதுபக்கம் பறந்து நேராக ஆள் கையில் போய் விழுந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் லின்டோர் தரையில் அடித்த பந்து டபுள் பிளே, ஒரே பந்தில் இரண்டு அவுட், ஆனது, ஆட்டம் முடிந்தது. 4-0. அடுத்து பேட் பிடிக்க வேண்டியவர் சோட்டோ. 765 மில்லியன் டாலர் பேட்டர் முறை வராமலே நின்றார். மெட்ஸும் சின்சினாட்டியும் 83-79 என்று சமம், நேருக்கு நேர் ஆட்டங்களில் சின்சினாட்டி அதிகம் வென்றிருந்ததால் இடம் அவர்களுக்கு.

திங்கட்கிழமை குயின்ஸ்காரர் வேலைக்கு வரவில்லை. பிராங்ஸ்காரர் அவருக்கு போன் போட்டார் என்று பிறகு தெரிந்தது. கிண்டல் செய்யவா, நலம் விசாரிக்கவா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சரி, யாங்கீஸின் 94க்கு வருவோம். சோட்டோ போனால் ஜட்ஜை யார் காப்பாற்றுவது என்பதுதான் அந்தக் குளிர்காலத்தின் பெரிய கேள்வி. ஜட்ஜ் .331 சராசரியோடு லீக்கின் பேட்டிங் பட்டத்தை வாங்கினார், 53 ஹோம் ரன், மூன்றாவது முறையாக லீக்கின் சிறந்த வீரர் விருது. பிட்சர்கள் அவரோடு மோதாமல் வேண்டுமென்றே வாக் கொடுத்து விலகிய தடவைகள் கூடின என்பது உண்மை. ஆனாலும் யாங்கீஸ் மொத்தம் 849 ரன், 274 ஹோம் ரன் எடுத்தது. இரண்டிலும் அந்த ஆண்டு முதலிடம். சோட்டோ இருந்த ஆண்டைவிட அதிகம். கெரிட் கோல் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போய் ஒரு பந்துகூட வீசாத ஆண்டில், ஃப்ரீட் 19 ஆட்டம் வென்று கொடுத்தார்.

இவர்களையாவது விவாதித்தோம். ட்ரென்ட் கிரிஷமை யாருமே விவாதிக்கவில்லை. 2023 டிசம்பரில் சான் டியேகோ சோட்டோவை அனுப்பியபோது கூடவே அனுப்பப்பட்டவர். சம்பளத்தைக் கழித்துவிட்டால் போதும் என்று சேர்த்துத் தள்ளிவிட்டார்கள் என்றுதான் அன்று எல்லோரும் பேசினார்கள். 2024இல் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், 9 ஹோம் ரன். 2025இல் அதே ஆள் 34. சோட்டோ வந்தார், போனார். அவரோடு ஒட்டிக்கொண்டு வந்தவர் தங்கி, அவர் விட்டுப்போன இடத்தில் பாதிக்கு மேல் அடைத்தார். பிராங்ஸ்காரர் இப்போது "அந்த டிரேடே கிரிஷமுக்காகத்தான் செய்தோம்" என்று சொல்லித் திரிகிறார். பேரனின் 22ஆம் எண் சட்டை என்ன ஆனது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

ஆனால் ஃப்ரிட்ஜ் கதவுக் கணக்கையும் நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். 94ம் 94ம் ஒன்று என்பதால் சோட்டோவின் மதிப்பு பூஜ்யம் ஆகிவிடாது. அவருக்குக் கொடுக்காத பணம்தான் ஃப்ரீடாகவும் பெலின்ஜராகவும் கோல்ட்ஷ்மிட்டாகவும் வந்தது. அந்த இடத்தைச் சும்மா விட்டிருந்தால் எண்ணே வேறாக இருந்திருக்கும். அதோடு, கிளீவ்லாந்தில் அந்த ஏழு பந்தை நாலு பேர் பகிர்ந்துகொண்டு ஆட முடியாது. 2025 அக்டோபரில் யாங்கீஸ் டொரான்டோவிடம் தோற்று இரண்டாவது சுற்றோடு வெளியேறியது. 162 ஆட்டத்துக்கு அகலம் போதும், அக்டோபருக்கு உயரம் வேண்டும் என்று குயின்ஸ்காரர் சொல்கிறார். தோற்ற வருடத்திலும் அவர் வாதம் தோற்கவில்லை.

இப்படிப்பட்ட வாதம் உச்சத்துக்குப் போனது 2003-04 குளிர்காலத்தில் என்பார்கள். நான் அப்போது இந்த நாட்டிலேயே இல்லை. ஆனால் பிராங்ஸ்காரர் எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டாயிற்று. அப்போதைய எதிரி பாஸ்டன் ரெட் சாக்ஸ். 1918க்குப் பிறகு பட்டமே வாங்காத அணி. பழைய நட்சத்திரம் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்ற பாவம் என்று ஊரே நம்பியது. அந்தக் குளிர்காலத்தில் ஆட்டத்தின் மிகப் பெரிய நட்சத்திரமான அலெக்ஸ் ரோட்ரிகஸை டெக்சாஸிலிருந்து எடுக்க பாஸ்டன் எல்லாம் பேசி முடித்துவிட்டது. கணக்கைச் சரிக்கட்ட அவர் சம்பளத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. அவர் சம்மதித்தார், வீரர்கள் சங்கம் சம்மதிக்கவில்லை. பேச்சு முறிந்தது. ஜனவரியில் யாங்கீஸின் மூன்றாம் பேஸ் வீரர் ஆரன் பூன் கூடைப்பந்து ஆடி முழங்காலை உடைத்துக்கொண்டார். அந்த ஓட்டையை அடைக்க யாங்கீஸ் பிப்ரவரியில் யாரைக் கொண்டுவந்தது? ரோட்ரிகஸை. பாஸ்டன் ரசிகர்கள் இடிந்துபோனார்கள். அந்த ஆரன் பூன்தான் இன்று யாங்கீஸின் மேனேஜர்.

2004 அக்டோபரில், லீக் இறுதித் தொடரில், இரு அணிகளும் மோதின. யாங்கீஸ் 3-0 என்று முன்னணி. நாலாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் ஒரு ரன் கூடுதல், வீசுவது மரியானோ ரிவேரா. பாஸ்டனுக்கு ஒரு வாக் கிடைத்தது. முதல் பேஸுக்கு மாற்று ஓட்டக்காரராக டேவ் ராபர்ட்ஸை அனுப்பினார்கள். ஜூலை கடைசி நாளில், ஒரு கீழ்நிலை வீரரைக் கொடுத்து வாங்கியவர். செய்தித்தாளில் இரண்டு வரி வந்திருக்கும். அவர் இரண்டாம் பேஸைத் திருடப்போகிறார் என்று மைதானத்துக்கே தெரியும். ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்து பார்த்தார். அப்புறம் பேட்டருக்கு முதல் பந்து வீசியதும் ராபர்ட்ஸ் ஓடினார். எறிதல் சரியாகத்தான் வந்தது, ராபர்ட்ஸின் கை ஒரு விரற்கடை முன்னால் பேஸைத் தொட்டது. பில் முல்லரின் அடியில் அவர் ஓடி வந்து சமன் செய்தார். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸ் ஹோம் ரன் அடித்து முடித்தார். மினசோட்டா இரண்டு ஆண்டுக்கு முன் வேண்டாம் என்று விடுவித்த ஓர்டிஸ். பாஸ்டன் நாலு ஆட்டத்தையும் வென்றது, உலகத் தொடரையும் வென்றது. ராபர்ட்ஸ் அந்தப் பிளேஆஃப் முழுவதும் ஒரு முறைகூட பேட் பிடிக்கவில்லை.

2024 உலகத் தொடரில் டாட்ஜர்ஸ் யாங்கீஸை வீழ்த்தியபோது டாட்ஜர்ஸின் மேனேஜர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே டேவ் ராபர்ட்ஸ். பிராங்ஸ்காரருக்கு சோட்டோ மீது கோபம்தான், ராபர்ட்ஸ் மீதுதான் பகை.

2025 நவம்பரில் மறுபடியும் கடை திறந்தது. மெட்ஸ் நிம்மோவை டெக்சாஸுக்குக் கொடுத்து மார்கஸ் செமியனை வாங்கியது. அலோன்சோ பால்டிமோருக்குப் போய்விட்டார். ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் எட்வின் டியாஸ் டாட்ஜர்ஸுக்கு. முந்தைய குளிர்காலத்தில் குயின்ஸ்காரர் ஒப்பித்த நாலு பெயரில் இரண்டு பெயர் மிச்சம். டியாஸ் போவதற்கு முன்பே அதே வேலைக்கு மெட்ஸ் எடுத்து வைத்திருந்தது யாரை? டெவின் வில்லியம்ஸை. யாங்கீஸில் ஓர் ஆண்டு இருந்து, ஓட்டங்களை வாரிக் கொடுத்து, சொந்த மைதானத்திலேயே வசவு வாங்கியவர். யாங்கீஸ் 1976இலிருந்து கட்டிக்காத்த தாடித் தடையைத் தளர்த்தியதுகூட அவர் வந்த அந்த ஆண்டில்தான். தாடியும் வந்தது, வசவும் வந்தது.

அந்தக் கோடை முழுவதும் வில்லியம்ஸைக் கிண்டல் செய்தே காபி குடித்தவர் குயின்ஸ்காரர். செய்தி வந்த மறுநாள் கையில் ஒரு தாளோடு வந்தார். "இஆர்ஏ, அதான் ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தான் என்ற கணக்கு, 4.79 என்பதை மட்டும் பார்க்காதே. 62 இன்னிங்ஸில் 90 ஸ்டிரைக் அவுட். இது துரதிர்ஷ்டம், திறமைக்குறைவு இல்லை. அவன் பின்னால் நின்ற ஃபீல்டர்கள் சரியில்லை."

கோடை முழுவதும் இதே வாதத்தை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், சொல்லிக்கொண்டிருந்தவர் பிராங்ஸ்காரர்.

"அவனா?" என்றார் இப்போது. "நெருக்கடியில் கை நடுங்கும். நியூயார்க் அவனுக்குச் சரிப்படாது. நான் முதல் நாளே சொன்னேன்."

குயின்ஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "இவர் எப்போது சொன்னார்? நீயே சொல்."

எனக்கு ஒரு மீட்டிங் இருந்தது.